ஆய்வகத்தில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

2008 டிசம்பர் 29. ஆண்டிறுதி விடுமுறை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் 23 வயதுப் பெண் ஒருவர் டெர்ஷரி பியூட்டைல் லித்தியம் என்ற திரவத்தைப் பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பற்றும் திரவம் அது. சிரிஞ்சின் உள்தண்டு கையோடு வெளியே வந்துவிட்டது. சிந்திய திரவம் கையிலும் உடையிலும் பற்றிக்கொண்டது. அவர் ஆய்வகக் கோட்டு அணிந்திருக்கவில்லை. செயற்கை இழையால் ஆன ஸ்வெட்டர்தான் போட்டிருந்தார். உடலில் 40 சதவீதத்துக்கு மேல் தீக்காயம். 18 நாட்கள் கழித்து, 2009 ஜனவரி 16 அன்று இறந்தார்.

அவர் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தது 2008 அக்டோபரில். அந்த அக்டோபர் கடைசியில்தான் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வந்து பார்த்து, இங்கே கோட்டு அணியாமல் வேலை செய்கிறார்கள் என்று குறையை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். சரிசெய்யக் கொடுத்த கெடு டிசம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. குறை அப்படியே இருந்தது.

அப்புறம் நடந்தது கல்வி உலகையே உலுக்கியது. 2011 டிசம்பரில் பேராசிரியர் மீதும் பல்கலைக்கழக நிர்வாகக் குழு மீதும் குற்றவியல் வழக்கு பதிவானது. 2012இல் நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது: பாதுகாப்பு ஏற்பாடுகளை மாற்றியமைப்பதாக ஒப்புக்கொண்டது, இறந்தவர் பெயரில் 5 லட்சம் டாலருக்குக் கல்வி உதவித்தொகை நிறுவியது. 2014இல் பேராசிரியரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். 800 மணி நேரச் சமூக சேவை, தீக்காய சிகிச்சை மையத்துக்கு 10,000 டாலர்.

இந்த வழக்கில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விஷயம் இருக்கிறது. இறந்தவர் அங்கே மாணவி இல்லை. சம்பளம் வாங்கும் ஆராய்ச்சி உதவியாளர். அதனால்தான் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க முடிந்தது. அதே மேசையில், அதே சிரிஞ்சோடு, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு மாணவி நின்றிருந்தால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தியிருக்காது. தீ இருவரையும் ஒரே மாதிரிதான் சுடும். சட்டம் இருவரையும் வேறு வேறாகப் பார்க்கிறது. பல்கலைக்கழகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொழிலாளியா, மாணவரா?

வேலையிடப் பாதுகாப்புச் சட்டங்கள் தொழிற்சாலையை மனத்தில் வைத்து உருவானவை. ஒரு பக்கம் வேலை கொடுப்பவர், இன்னொரு பக்கம் கூலி வாங்குபவர். பல்கலைக்கழகத்தில் இந்தக் கணக்கு சரியாக உட்காருவதில்லை. இளநிலை மாணவர் கட்டணம் கட்டி உள்ளே வருகிறார். முனைவர் பட்ட ஆய்வாளர் உதவித்தொகை வாங்குகிறார். அது சம்பளமா இல்லையா என்பதே சில நாடுகளில் வழக்காடும் விஷயம். வேறு நிறுவனத்திலிருந்து மூன்று மாதம் வந்து தங்கும் விருந்தினர் ஆய்வாளர் யாருடைய ஆள் என்று கேட்டால் இரண்டு அலுவலகங்களும் மற்றதைக் கை காட்டும்.

பிரிட்டன் இதற்கு ஓரளவு நல்ல விடை கண்டது. 1972இல் ராபன்ஸ் பிரபு தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி விதி எழுதிக்கொண்டே போவதைவிட, ஆபத்தை உண்டாக்குகிறவர்களும் அதோடு வேலை செய்கிறவர்களும்தான் அதைக் கட்டுப்படுத்தும் முதல் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதிலிருந்து பிறந்ததுதான் 1974ஆம் ஆண்டின் வேலையிட உடல்நலம், பாதுகாப்புச் சட்டம். அதன் 2ஆம் பிரிவு, வேலை கொடுப்பவர் தன் ஊழியர்களைக் காக்க வேண்டும் என்கிறது. 3ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம்: தன்னிடம் வேலை செய்யாதவர்களுக்கும் தன் செயல்பாட்டால் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர், பார்வையாளர், வாசலில் பொருள் இறக்க வந்தவர் எல்லோரும் இதில் அடங்குவார்கள். 7ஆம் பிரிவு, ஊழியரும் தன்னையும் பிறரையும் காக்கும் அளவுக்குக் கவனமாக நடக்கக் கடமைப்பட்டவர் என்கிறது.

இந்த மூன்றில் 7ஆம் பிரிவின் கருத்துத்தான் எல்லா நாடுகளிலும் எல்லோருக்கும் பிடித்தமானது. ‘உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில்’ என்று சுவரில் ஒட்டுவது எளிது, செலவும் குறைவு. 2ஆம், 3ஆம் பிரிவுகளின் கருத்தை நிறைவேற்ற வேண்டுமானால் பணம் ஒதுக்க வேண்டும், கட்டடத்தை மாற்ற வேண்டும், ஆள் நியமிக்க வேண்டும். அதனால் நடைமுறையில் பொறுப்பு மெல்ல மெல்லக் கீழே வழிந்து, கடைசியில் மிகக் குறைந்த அனுபவமும் மிகக் குறைந்த அதிகாரமும் உள்ள மாணவரின் தலையில் வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் 1990இல் ஆய்வகங்களுக்கென்றே ஒரு தனி விதி வந்தது. வேதிப்பொருள்களைக் கையாளும் ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் எழுத்து வடிவிலான பாதுகாப்புத் திட்டம் வேண்டும், அதற்குப் பொறுப்பான ஓர் அதிகாரி வேண்டும் என்றது அது. நல்ல விதி. ஆனால் அதுவும் ஊழியர்களுக்கானது. போதாததற்கு, அது நச்சுத்தன்மை போன்ற உடல்நலக் கேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெடிப்பு போன்ற ஆபத்துகளை அது போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது இன்னொரு விபத்துக்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

100 மில்லிகிராம்

அந்த விபத்து 2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. வெடிக்கும் தன்மையுள்ள சேர்மங்களைக் கண்டறிவது பற்றிய ஆராய்ச்சி. நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் என்ற பொருளைத் தயாரிக்கும்போது ஒரு தடவைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று ஆராய்ச்சிக் குழுவில் ஒரு வரம்பு இருந்தது. இரண்டு மாணவர்கள் சுமார் 10 கிராம் தயாரித்தார்கள். வரம்பைப் போல நூறு மடங்கு. திரும்பத் திரும்பச் சிறு அளவில் தயாரித்தால் ஒவ்வொரு முறையும் பொருளின் தன்மை கொஞ்சம் மாறும், ஒரே தடவையில் செய்தால் எல்லாச் சோதனைக்கும் போதும் என்பது அவர்கள் எண்ணம். கட்டி கட்டியாக இருந்ததை, கரைப்பானில் நனைத்துவிட்டுக் கல்வத்தில் போட்டு மெதுவாக நசுக்கினார்கள். நனைந்திருந்தால் வெடிக்காது என்று நம்பினார்கள். அது வெடித்தது. ஒருவர் மூன்று விரல்களை இழந்தார், கண்ணிலும் காயம். சற்று முன்புதான் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

இதைப் படித்தவுடன் ‘விதியை மீறிவிட்டார்கள்’ என்று சொல்லத் தோன்றும். விபத்தை விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் அப்படிச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த 100 மில்லிகிராம் வரம்பு வாய்மொழியாகத்தான் இருந்தது. எங்கும் முறையாக எழுதப்படவில்லை. யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. மாணவர்கள் அதைக் கறாரான வரம்பாகப் புரிந்துகொள்ளவும் இல்லை. இதற்கு முன்பே சிறிய அளவில் அசம்பாவிதங்கள் நடந்திருந்தன. அவற்றிலிருந்து யாரும் பாடம் எழுதி வைக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அலுவலர்கள் குறை கண்டு எழுதினாலும், அதைக் கேட்டு உத்தரவிடக்கூடிய அதிகாரம் உள்ள ஒருவரிடம் அது நேராகப் போய்ச் சேரும் வழி இல்லை. 2011 அக்டோபரில் வந்த வாரியத்தின் அறிக்கையின் பரிந்துரைகளில் இதுவும் ஒன்று: பாதுகாப்பு ஆய்வாளர், நிர்வாகத்தில் உண்மையான அதிகாரம் உள்ள ஒரு பதவிக்கு நேரடியாகத் தகவல் தர வேண்டும்.

இந்தப் பரிந்துரை கேட்பதற்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஆய்வகத்தில் உள்ள எந்தக் கருவியையும்விட இது முக்கியம் என்பேன். பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் தன் ஆய்வகத்துக்குள் ஏறக்குறைய அரசர். ஆராய்ச்சி நிதி அவர் பெயரில் வருகிறது, ஆட்களை அவர்தான் எடுக்கிறார், ஆய்வேட்டில் அவர் கையெழுத்துத்தான் வேண்டும். கல்விச் சுதந்திரம் என்ற மதிப்புமிக்க கொள்கை அவரைக் காக்கிறது, காக்கவும் வேண்டும். ஆனால் ‘என்ன ஆராய்ச்சி செய்வது’ என்பதில் உள்ள சுதந்திரம், ‘எப்படி வேண்டுமானாலும் செய்யலாம்’ என்பதாக வழுக்கிவிடுகிறது. பாதுகாப்பு அலுவலர் துறைத் தலைவரிடம் சொல்வார், துறைத் தலைவர் சக பேராசிரியரிடம் தயக்கத்தோடு ஒரு வார்த்தை சொல்வார், அதோடு போயிற்று. தேவைப்பட்டால் ஓர் ஆய்வகத்தை அன்றைக்கே பூட்டச் சொல்லும் அதிகாரம் வளாகத்தில் யாரிடமாவது இருக்கிறதா? அந்த நபரின் பெயர் மாணவருக்குத் தெரியுமா? ஒரு பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த இரண்டு கேள்விகளே எனக்குப் போதும்.

இதில் பயிற்சி என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் படவில்லைகள் ஓடும். கடைசியில் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்து. அந்தத் தாள் நிறுவனத்துக்குப் பயன்படும், விபத்துக்குப் பிறகு. மாணவருக்குத் தேவை வேறு. அவர் இன்று செய்யப்போகும் வேலையை, அவருடைய கையாலேயே, முதலில் வெறும் தண்ணீரை வைத்துச் செய்து காட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள். அதற்கு மூத்தவர் ஒருவரின் அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தை யாருடைய வேலை நேரத்திலும் எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

கையுறை எத்தனை நொடி தாங்கும்?

1996 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற பேராசிரியர் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாண்டுகொண்டிருந்தார். உலோக நச்சுகளைப் பற்றி ஆராய்வதே அவர் துறை. புகை உறிஞ்சும் பெட்டிக்குள்தான் வேலை செய்தார். கண்ணாடி, கையுறை எல்லாம் அணிந்திருந்தார். ஓரிரு துளிகள் லேடெக்ஸ் கையுறை மீது விழுந்தன. ஐந்து மாதம் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8 அன்று இறந்தார். பிறகு சோதித்துப் பார்த்தபோது, அந்தத் திரவம் லேடெக்ஸ் கையுறையைச் சில நொடிகளிலேயே ஊடுருவிவிடும் என்று தெரிந்தது.

அவர் அலட்சியக்காரர் இல்லை. அன்று சரி என்று எல்லோரும் நம்பிய முறைப்படிதான் செய்தார். அதனால்தான் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் கையுறை, கண்ணாடி, கோட்டு ஆகியவற்றைக் கடைசி அரணாக வைக்கிறார்கள். முதல் கேள்வி, இந்தப் பொருள் இல்லாமலே இந்தச் சோதனையைச் செய்ய முடியுமா என்பது. முடியாது என்றால், இதைவிடத் தீங்கு குறைந்த வேறொன்றைப் பயன்படுத்த முடியுமா? அதுவும் முடியாவிட்டால், ஆபத்தையும் ஆளையும் பிரிக்கும் கருவி ஏற்பாடு. அப்புறம்தான் நடைமுறை விதிகள், கடைசியில் உடலில் அணியும் பொருள்கள். இந்த வரிசையில் மேலே உள்ள முடிவுகளை எடுப்பவர் பேராசிரியரும் பாடத்திட்டக் குழுவும்தான். மாணவரின் கையில் இருப்பது கடைசிப் படி மட்டும். விபத்து விசாரணையில் ‘கண்ணாடி போட்டிருந்தாயா’ என்பது முதல் கேள்வியாக வரும்போது, மேலே இருந்த நான்கு படிகளும் விசாரிக்கப்படாமலே தப்பித்துவிடுகின்றன.

கருவி ஏற்பாட்டில் முதன்மையானது அந்தப் புகை உறிஞ்சும் பெட்டி. ஃப்யூம் ஹூட் என்றுதான் எல்லா ஆய்வகத்திலும் சொல்வார்கள். அதன் வாய் வழியே நொடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே இழுக்கப்பட வேண்டும். முன் கண்ணாடியை இறக்கி வைக்க வேண்டும், வேலையை விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளிச் செய்ய வேண்டும். யாராவது வேகமாக எதிரே நடந்துபோனால்கூட அந்தக் காற்றோட்டம் கலைந்து ஆவி வெளியே வரும். இவ்வளவு நுட்பமான ஒன்றை, இடம் இல்லை என்று பாட்டில் அடுக்கும் அலமாரியாக மாற்றி வைத்திருப்பதை எத்தனை ஆய்வகங்களில் பார்க்கலாம்! பின்பக்கத் துளைகளைப் பாட்டில்கள் அடைத்துக்கொண்டால் பெட்டி ஓடும் சத்தம் கேட்கும், காற்று இழுபடாது. சத்தம் கேட்பதால் மாணவர் நம்பி முகத்தை நீட்டுவார். காற்று வேகத்தை ஆண்டுதோறும் அளந்து தேதியோடு ஒட்டி வைப்பது கட்டடப் பராமரிப்புப் பிரிவின் கடமை. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு வேலை தொடங்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் கடமை.

கண் கழுவும் குழாய் இன்னும் எளிய விஷயம், அதனாலேயே அதிகம் கைவிடப்பட்டது. கண்ணில் அமிலம் பட்டவர் பத்து நொடிக்குள் அதை அடைய வேண்டும், 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பார்த்தால் தெரியும். கொதிக்கும் நீரோ உறையும் நீரோ வந்தால் யாராலும் தாங்க முடியாது, ஆகவே மிதமான சூட்டில் நீர் வர வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தேங்கிய துருவும் கிருமியும்தான் முதலில் கண்ணுக்குள் போகும். கண் திறக்க முடியாத ஒருவர் தடவிக்கொண்டு வரும் வழியில் நாற்காலியோ அட்டைப்பெட்டியோ இருக்கக்கூடாது. வாரத்துக்கு ஐந்து நிமிட வேலை இது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரில் இல்லாவிட்டால் எந்த வாரமும் நடக்காது.

அலமாரியில் அடுக்குவதிலும் கண்ணி இருக்கிறது. அகர வரிசையில் அடுக்கினால் தேட எளிது. ஆனால் ஒன்றோடொன்று சேரக்கூடாதவை தோளோடு தோள் நிற்கும். ‘அமிலங்கள்’ என்று ஒரே அலமாரியில் பூட்டினாலும் போதாது. அசெட்டிக் அமிலம் எரியக்கூடியது, நைட்ரிக் அமிலம் எரிதலைத் தூண்டுவது. பெயரில் இரண்டும் அமிலம், குணத்தில் பகை. கழிவு பாட்டில் இதைவிட மோசம். நைட்ரிக் அமிலக் கழிவு இருக்கும் பாட்டிலில் ஒருவர் மிச்ச ஆல்கஹாலையோ அசிட்டோனையோ ஊற்றி, மூடியை இறுக்கி மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். பாட்டில் வெடிக்கும்போது அங்கே இருப்பது வேறு யாரோ.

படிப்பு முடித்துப் போனவர் விட்டுச் சென்ற பாட்டில்களும் அப்படித்தான். டை எத்தில் ஈதர் போன்ற கரைப்பான்கள் காற்றோடு சேர்ந்து நாளடைவில் பெராக்சைடுகளை உண்டாக்கும். மூடியைத் திருகும்போது ஏற்படும் உரசலே அவற்றை வெடிக்கவைக்கப் போதும். அதனால்தான் திறந்த தேதியைப் பாட்டிலில் எழுத வேண்டும். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை சாது, காய்ந்துவிட்டால் வெடிபொருள். ஐந்து வருடம் முன்பு இங்கே யார் இருந்தார்கள், இது எப்போது வாங்கியது என்று தெரியாத ஒரு புதிய மாணவரிடம் ‘அலமாரியைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணு’ என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது சொல்பவருக்கே தெரிவதில்லை. பட்டம் வாங்கிப் போகும் ஒவ்வொருவரும் நூலகத்தில் பாக்கி இல்லை என்று சான்று வாங்குவதுபோல, ஆய்வகத்தில் தன் பெயரில் பாட்டில் எதுவும் இல்லை என்றும் சான்று வாங்கிப் போகும் ஏற்பாடு எல்லாப் பல்கலைக்கழகத்திலும் வேண்டும்.

சில பொருள்களுக்குப் பொதுவான முதலுதவி போதாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் நீர்த்த நிலையில் தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே போகலாம். உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிணைத்து எலும்பையும் இதயத் துடிப்பையும் தாக்கும். தண்ணீரில் கழுவிவிட்டுக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தடவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அல்லது காலாவதி ஆகிவிட்டது என்றால் அன்றைக்கு அந்த வேலை கிடையாது. திரவ நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. சின்ன அறையில் ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதை மூக்கு சொல்லாது, அளக்கும் கருவி மட்டுமே சொல்லும். லிஃப்ட்டில் அந்தக் கலத்தோடு ஆள் ஏறக்கூடாது. கலத்தை மட்டும் அனுப்பிவிட்டு மேலே இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்கள்

உலகில் பெரியம்மையால் கடைசியாக இறந்தவர் ஒரு பல்கலைக்கழக ஊழியர். 1978இல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் புகைப்படக் கலைஞராக இருந்தவர். பெரியம்மைக் கிருமியை வைத்து ஆய்வு நடந்த கூடம் ஒரு மாடி கீழே. அவர் அந்த ஆராய்ச்சியில் எந்தப் பங்கும் இல்லாதவர். கிருமி காற்றுக்குழாய் வழியாக மேலே வந்திருக்கும் என்றது அரசு விசாரணை. நீதிமன்றத்தில் அது நிரூபணமாகவில்லை, 1979இல் பல்கலைக்கழகம் விடுவிக்கப்பட்டது. கிருமி எந்த வழியாக வந்திருந்தாலும், மேல் மாடியில் புகைப்படம் கழுவிக்கொண்டிருந்தவருக்குத் தன் காலடியில் என்ன நடக்கிறது என்று சொல்லும் கடமை யாருக்கோ இருந்தது.

துப்புரவுப் பணியாளர்களை நினைக்கும்போது எனக்கு இந்த மாடிதான் நினைவுக்கு வருகிறது. உடைந்த கண்ணாடித் துண்டு சாதாரணக் குப்பைப் பையில் கிடந்தால் குத்துவது அவர்கள் கையை. பெயர் ஒட்டாத பீக்கரில் இருப்பது தண்ணீரா அமிலமா என்று கேட்க இரவில் ஆள் இருக்காது. உலக அளவில் ஒரே மாதிரியான எச்சரிக்கைப் படங்களை ஐக்கிய நாடுகள் சபை 2003இல் வகுத்துத் தந்ததன் பயன் இங்கேதான் தெரியும்: மொழி தெரியாவிட்டாலும் மண்டையோடும் தீச்சுடரும் புரியும். ஆனால் அந்தப் படங்கள் வாங்கிய பாட்டிலில் மட்டும் இருந்து, ஆய்வகத்தில் ஊற்றி வைத்த சின்னப் பாட்டிலில் இல்லாமல் போனால் என்ன பயன்? பணியாளர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் பயிற்சிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

தனியாக வேலை செய்வது இன்னொரு பெரிய ஓட்டை. 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தின் பட்டறையில் இரவில் தனியாகக் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர், தலைமுடி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். நிறுத்தும் பொத்தானை அழுத்தப் பக்கத்தில் இன்னொரு கை இல்லை. இரவு முழுக்க ஆய்வகத்தில் கிடப்பதைப் பெருமையாகப் பேசும் பழக்கம் எல்லாத் துறைகளிலும் உண்டு. எந்த வேலையைத் தனியாகச் செய்யக்கூடாது என்ற பட்டியல் கதவில் ஒட்டியிருக்க வேண்டும், அதைச் செய்யும்போது கூட இருப்பவருக்கும் அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். ‘யாராவது நண்பரைக் கூட்டிக்கொண்டு போ’ என்பது ஏற்பாடு ஆகாது.

வகுப்பறை

வகுப்பறையைப் பாதுகாப்பான இடம் என்றே நினைக்கிறோம். பெரும்பாலும் அது உண்மைதான். அங்கே நடப்பவை தடுக்கி விழுவது, வயர் இடறுவது, ஒரு பிளக்கில் இன்னொரு பிளக்கைச் செருகிச் சூடாவது போன்றவை. ஆனால் மூன்று விஷயங்களைச் சும்மா விட முடியாது.

ஒன்று, செயல்முறை விளக்கம். உப்புகள் வெவ்வேறு நிறத்தில் எரிவதைக் காட்ட, கிண்ணங்களில் மெத்தனால் ஊற்றிக் கொளுத்தும் பழைய வழக்கம் உண்டு. தீ அணையப் பார்க்கும்போது பெரிய பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். வெளிச்சமான அறையில் மெத்தனால் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 12 டிகிரி வெப்பத்துக்குள்ளேயே பற்றிக்கொள்ளும் ஆவி தரும். தீ பாட்டிலுக்குள் ஏறி, பீய்ச்சிக்கொண்டு முன்வரிசையை நோக்கிப் பாயும். இப்படிப் பலர் கருகியிருக்கிறார்கள். அதே நிறங்களை, உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக் குச்சிகளை அடுப்புச் சுடரில் காட்டியே பார்த்துவிடலாம். மாணவர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள், கண்ணாடி இல்லை, விலக வழியும் இல்லை. ஆகவே முழுப் பொறுப்பும் செய்து காட்டுபவருடையது.

இரண்டாவது, காற்று. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. நூறு பேர் அடைத்து உட்கார்ந்த மூடிய அறையில் அது ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆயிரம் என்பது விஷ அளவு இல்லை. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார், புதுக்காற்று போதவில்லை என்பதற்கான அறிகுறி. மதிய வகுப்பில் மாணவர் தூங்கி வழிவதற்கு அவருடைய சோம்பேறித்தனம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் எல்லோரும் ஜன்னலைத் திறந்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழி. பின்கதவைப் பூட்டி வைப்பது, தாழ்வாரத்தில் பழைய அலமாரியையும் ஃப்ரிட்ஜையும் வரிசையாக நிறுத்துவது, நூறு பேர் அறையில் நூற்றைம்பது பேரை உட்கார வைப்பது. எல்லாமே யாரோ ஒருவரின் நல்ல காரணத்துக்காகச் செய்யப்பட்டவை. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு மூன்றாவது மாடியில் வகுப்பு போட்டால், தீ எச்சரிக்கை ஒலிக்கும்போது லிஃப்ட்டைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுதியிருக்கிறதே, அவர் எப்படி இறங்குவார்? காது கேளாத மாணவருக்கு அந்த மணி எப்படித் தெரியும்? இதைப் பருவத்தின் முதல் வாரத்தில், அவரோடு உட்கார்ந்து பேசி, பெயர் சொல்லி எழுதி வைக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

டெக்சாஸ் விபத்துக்கு முன்பு சின்ன அசம்பாவிதங்கள் நடந்தன என்று சொன்னேன். எந்தப் பெரிய விபத்தின் விசாரணையைப் படித்தாலும் அதற்கு முன்னால் இப்படி ஒன்றிரண்டு இருக்கும்: சின்னத் தீ, எதிர்பாராத ‘டப்’ என்ற ஒலி, கையில் பாய்ந்த லேசான மின்னதிர்ச்சி. யாருக்கும் அடிபடவில்லை, எனவே யாரும் சொல்லவில்லை. சொன்னால் திட்டு விழும், செயல்முறை மதிப்பெண் குறையும், உடைந்த கருவிக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். உடைத்தவர் மீது அபராதம் போடும் ஒவ்வொரு விதியும், உடைந்ததை மறைத்து வைக்கச் சொல்லிக்கொடுக்கும் விதி. விரிசல் விட்ட குடுவையைத் துடைத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுப் போன மாணவரைத் தண்டிப்பதற்கு முன், அவரை அப்படிச் செய்ய வைத்தது எது என்று துறை தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதைவிடக் கடினமானது, செய்ய மாட்டேன் என்று சொல்வது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கையில் 13ஆம் பிரிவு இருக்கிறது. தன் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடுமையான ஆபத்து நெருங்கிவிட்டது என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகும் தொழிலாளிக்கு, அதனால் பாதகமான விளைவு எதுவும் வராமல் காக்க வேண்டும் என்கிறது அது. தொழிலாளிக்கு. இங்கே மறுபடியும் அந்தச் சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறோம். முனைவர் பட்ட மாணவர் தன் நெறியாளரிடம் ‘இந்த அளவில் செய்ய எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா’ என்று சொன்னால் அவருடைய உதவித்தொகை நீட்டிப்பும், பரிந்துரைக் கடிதமும், ஆய்வேட்டின் கையெழுத்தும் அதே மனிதரிடம்தான் இருக்கின்றன.

இந்தப் பாதுகாப்பை மாணவருக்கும் தருவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் தன் ஆய்வு விதிமுறைகளில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி ஒரு சோதனையை நிறுத்திய மாணவருக்கு அந்த நாட்கள் ஆய்வுக் காலத்தில் கழிக்கப்படாது, புகாரைக் கேட்பவர் அந்தத் துறைக்கு வெளியே இருப்பவர், நெறியாளரை மாற்றிக்கொள்ள விரும்பினால் உதவித்தொகை தொடரும். முதல் நாள் வகுப்பில் தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று காட்டும்போதே, இந்தப் பத்தியையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதலாம்.